ஏழு கம்பங்களின் சிமெண்டுச் சட்டை

இந்த நகரத்தில் அதிகம் வாசிக்கப்படும் எழுத்தாளர் யார் என்று கேட்டால், படித்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். சண்டையே வேண்டாம். நகராட்சி விளக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நம்பரக்காதான். பதினோராயிரத்துச் சொச்சம் தெருவிளக்குக் கம்பங்கள்; ஒவ்வொன்றிலும் நெஞ்சுயரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் பட்டை; பட்டையின் மேல் கறுப்பில் எண். அத்தனையும் அவர் கையெழுத்து. விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுக்க நினைக்கும் எவரும் முதலில் அவரை வாசித்தாக வேண்டும். இவ்வளவு எழுதியும், அவருடைய படைப்புகளைப் பற்றித் தங்கள் கருத்தைத் தவறாமல் தெரிவித்து வருபவை நாய்கள் மட்டுமே.

எழுத்து என்றால் ஏனோதானோ எழுத்தில்லை. தகட்டில் வெட்டிய அச்சை வைத்து அதன் மேல் பெயிண்ட் பூசுவது அவருக்கு ஆகாது. "அது எழுதுறதில்ல, முத்திரை குத்துறது" என்பார். அரை அங்குல பிரஷ்ஷின் முனையைப் பிளேடால் சாய்வாக நறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. அவருடைய ஒன்பதுக்கு வால் நீளம். எட்டுக்கு இடுப்பு சின்னது. நான்கு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். வயது நாற்பத்தைந்து. செருப்பில் மஞ்சளும் கறுப்பும் சொட்டிச் சொட்டி, அது முதலில் என்ன நிறம் என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

இப்படிப்பட்டவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் எழுதினார். ஒரே சொல். ஏழு தடவை.

பதினாறு வருடங்களுக்கு முன்னால், அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பழைய இரும்பு விளக்குக் கம்பங்களையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட் கம்பங்கள் நடச்சொல்லி உத்தரவு வந்தது. எவை இரும்பு, எவை கான்கிரீட் என்று யாருக்கும் தெரியாது. தெருத்தெருவாகப் போய்க் கம்பம் கம்பமாகப் பார்க்கிற ஒரே ஆள் நம்பரக்கா. ஆகவே கம்பப் பதிவேட்டில் 'பொருள்' என்ற கட்டத்தை நிரப்பும் வேலை அவர் தலையில் விழுந்தது. இருநூற்று ஏழு கம்பங்களுக்கு இரும்பு என்று எழுதினார். இருநூற்று ஏழும் லாரியில் ஏறிப் போயின.

கடைசியாக அச்சகத் தெரு. அங்கே ஏழு கம்பங்கள். 3108 முதல் 3114 வரை. அடியில் இலை இலையாக வார்ப்பு வேலை. இடுப்பு வரைக்கும் மடிப்பு மடிப்பாகக் கோடுகள். அதற்கு மேல் கன்னம் மாதிரி வழவழப்பு. இரண்டாள் உயரத்தில், அந்தக் காலத்தில் விளக்கேற்ற வருபவர் ஏணியைச் சாய்த்துக்கொள்வதற்காகக் குறுக்கே ஒரு குட்டைக் கம்பி. உச்சியில் இருந்த கண்ணாடிக் கூண்டு எப்போதோ போய், அதன் இடத்தில் யாரோ ஒரு குழல் விளக்கைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

நம்பரக்கா பதிவேட்டைத் திறந்தார். ஏழு கட்டத்திலும் 'கான்கிரீட்' என்று எழுதினார்.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணத்தை எதிர்பார்க்க வேண்டாம். கலை, வரலாறு, அழகு, ஒன்றும் கிடையாது. "இரும்புல எழுதுனா பெயிண்ட் வழியாது. கான்கிரீட் குடிச்சுக்கிட்டே இருக்கும், மிச்சத்தைக் கக்கும். ஊர் முழுக்க வழியுற கம்பத்துல எழுதப்போறேன். இந்த ஏழு கம்பமாவது எனக்குன்னு இருக்கட்டுமே!" இதுதான் மொத்தக் காரணம்.

எழுதுவது எளிது. திங்கட்கிழமை சரிபார்க்க மேற்பார்வையாளர் வருகிறார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு ஓடினார். கணவர் கொத்தனார். ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கைப்பட்டவை. பேசினால் பூச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

"பொய் சொன்னது நீ. பூசுறது நானா?"

"எனக்குப் பூச வராதுங்க. பொய்யே இப்பத்தான் வந்துச்சு."

கொத்தனார் யோசித்தார். உருண்டைக் கம்பத்துக்குப் பூச்சு வேலை அதுவரை அவர் செய்ததில்லை. அந்த ஆசை போதாதா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டப்பகலில், நகராட்சிக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலை நடந்தது. மாடியில் குடியிருக்கும் அவருடைய தங்கை, தையல்காரி, சிமெண்டு குழைத்துக் கொடுத்தார். ஏழு குறுக்குக் கம்பிகளையும் திருகிக் கழற்றினார்கள். கம்பத்தைச் சுற்றிக் கோழிவலை. வலையின் மேல் சிமெண்டு. தெருவில் யாராவது என்ன என்று கேட்டால், "நகராட்சி வேலை" என்று ஒரே பதில். அதைக் கேட்ட பிறகு எவரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "அப்படியே எங்க வீட்டுச் சுவத்துலயும் ஒரு ஓட்டை இருக்குங்க" என்றார்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். பார்த்தார். "இந்தத் தெருவுல மட்டும் கம்பமெல்லாம் புதுசு மாதிரி இருக்கே! பலே!" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஏழும் பிழைத்தன. ஆனால் நம்பரக்காவின் நிலைமையைப் பாருங்கள். எழுத்து வழியாத கம்பம் வேண்டும் என்றுதானே இத்தனை கூத்து? இப்போது அந்த ஏழும் ஊரிலுள்ள மற்றக் கம்பங்களை விட மோசமாகப் பெயிண்டைக் கக்கின. பதினாறு வருடமாக அவருடைய 3108 கண்ணீர் வடித்துக்கொண்டே நின்றது. வெளியே சொல்லிப் புலம்பவும் முடியாது.

இனி இந்த வருடத்துக்கு வருவோம்.

ஒரு திங்கட்கிழமை காலை உதவிப் பொறியாளர் அவரைக் கூப்பிட்டு, ஆளுயரப் பலகை ஒன்றைக் காட்டினார். "அக்கா, இதுல ஒரு வாசகம் எழுதணும். வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் திறப்பு விழா."

வாசகம் தாளில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. 'இத்தெருவில் ஒரு காலத்தில் அழகிய இரும்பு விளக்குக் கம்பங்கள் நின்றன. இந்நகரில் அவற்றுள் ஒன்றுகூட எஞ்சவில்லை.'

நடந்தது இதுதான். காற்று மாறிவிட்டது. பழைய விளக்குக் கம்பங்களைப் பாதுகாக்க வேண்டும், மெருகேற்றிப் பழையபடி கூண்டு வைத்து எரியவிட வேண்டும் என்று புது உத்தரவு. அதற்கொரு பாதுகாப்புக் குழு. குழு வந்து பதிவேட்டைப் பார்த்தது. இரும்பு: இல்லை. பாதுகாக்க ஒன்றுமில்லாவிட்டால் என்ன, துக்கப்படுவதற்குத் தடையில்லையே! நினைவுப் பலகை வைப்பதென்று தீர்மானம் ஆயிற்று. அதே வியாழக்கிழமை, அதே தெருவில், 'பழுதடைந்த ஏழு கான்கிரீட் கம்பங்களை' கிரேன் வைத்துப் பிடுங்குவதென்றும் இன்னொரு கோப்பில் தீர்மானம் ஆகியிருந்தது.

இத்தனையையும் பொறியாளர் சொல்லக் கேட்ட நம்பரக்கா பலகையை மறந்தார். பாதுகாக்கப் போகிறார்களாம்! கூண்டு வைக்கப் போகிறார்களாம்!

"சார், இருக்கு சார்!"

"என்ன இருக்கு?"

"இரும்புக் கம்பம் சார். ஏழு. அச்சகத் தெருவுலயே!"

பொறியாளர் பதிவேட்டைப் புரட்டினார். "கான்கிரீட்னு இருக்கே."

"அத எழுதுனதே நான்தான் சார்."

"அப்ப சரியாத்தான் இருக்கும். உங்க வேலையில தப்பு வராதே அக்கா."

"தப்பாத்தான் சார் எழுதினேன்! வேணும்னே எழுதினேன்!"

பொறியாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது. "இங்க பாருங்க. வருஷா வருஷம் இதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்கு முன்னால எட்டு பேர். எட்டு பேர் நேர்ல பாத்துக் கான்கிரீட்னு சொன்னது எப்படி இரும்பாகும்? ஒன்பதாவது கையெழுத்து யாருது தெரியுமா?"

"உங்களுது சார்."

"பொய்ப் பதிவுன்னு தெரிஞ்சா உங்க வேலை போயிடும். நீங்க எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. போய் போர்டை எழுதுங்க."

கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்தியதே அவர் நன்மைக்காகத்தான். யார் நன்மை என்பதை மட்டும் அவர் தெளிவாகச் சொல்லவில்லை.

வீட்டில் அன்று மாலை மாநாடு. பலகை சுவரில் சாய்ந்து நின்றது. கொத்தனார் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"பழுதடைந்த கம்பமா? யாரு சொன்னது? என் பூச்சுல ஒரு கீறல் காட்டச் சொல்லு!"

"அண்ணா, இப்ப பூச்சா முக்கியம்?" என்றார் தங்கை. "அண்ணி, வாய தொறந்தா வேலை போயிடும். பேசாம இருந்தா கம்பம் போயிடும். என்ன பண்ணப் போறீங்க?"

நம்பரக்கா துண்டு காயும் கம்பியைப் பார்த்தார். குறுக்குக் கம்பி. ஜன்னலில் திரைச்சீலை தொங்கும் கம்பியைப் பார்த்தார். அதுவும் குறுக்குக் கம்பி. மாடியில் தங்கை வீட்டில் மூன்று. அடுப்படியில் கரண்டிகள் தொங்குவது ஆறாவது. ஏழாவதால் கதவை முட்டுக்கொடுத்திருந்தார்கள். பதினாறு வருடமாக வீடே அந்தக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"திருப்பி மாட்டணும்னுதானே எடுத்து வச்சோம்?" என்றார்.

"அது சரி. வேலை?"

"போனா, உங்ககூட சிமெண்டு குழைக்க வர்றேன்."

"ஐயோ, வேணாம்! நீ குழைச்சா கட்டி கட்டியா இருக்கும்" என்று பதறினார் கொத்தனார்.

நம்பரக்கா பிரஷ்ஷை நறுக்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணி. அச்சகத் தெருவே திரண்டுவிட்டது. ஒரு பக்கம் துணி மூடிய பலகை. மறுபக்கம் கிரேன், அதன் சங்கிலி 3108-இன் கழுத்தில் ஏற்கெனவே மாட்டியாயிற்று. குழுத் தலைவி, கல்லூரியில் பாடம் நடத்துபவர், அழிந்துபோன கம்பங்களைப் பற்றிக் குரல் தழுதழுக்கப் பேசினார். பேசும்போது வசதியாக 3109-இல் சாய்ந்துகொண்டிருந்தார். கைதட்டல். துணியை இழுத்தார்.

பலகை முழுக்க மஞ்சள். அதன் மேல் கறுப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஏழு எண்கள். 3108. 3109. அப்படியே 3114 வரை. வேறு ஒரு வார்த்தை இல்லை.

"இது என்னங்க?" என்றார் தலைவி.

"பாதுகாக்க வேண்டிய கம்பம் அம்மா. நீங்க சாஞ்சுக்கிட்டு இருக்கீங்களே, அதுதான் ரெண்டாவது" என்றார் நம்பரக்கா. "எல்லாம் இரும்பு. மேல சிமெண்டு பூசினது நாங்க."

தலைவி தீச்சுட்டதுபோல் விலகினார். பொறியாளர் முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று. குழுவில் ஒருவர் காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்றார். "கான்கிரீட்டுக்குள்ளயும் இரும்புக் கம்பி இருக்கும் சார், காந்தம் ரெண்டுலயும் ஒட்டும்" என்றார் பொறியாளர்.

"தட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்!" நம்பரக்கா ஸ்பேனரை எடுத்து 3108-ஐ ஓங்கி அடித்தார்.

தொப்.

கூட்டம் சிரித்தது. 3109-ஐ அடித்தார். தொப். 3110. தொப். தலையணையை அடித்தாலாவது கொஞ்சம் சத்தம் வந்திருக்கும்.

"பூச்சு அவ்வளவு கனம்மா!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். பெருமை தாங்கவில்லை கொத்தனாருக்கு.

"இங்க வாங்க! பேத்து எடுங்க!"

கொத்தனார் உளியும் சுத்தியலுமாக வந்தார். 3108-இன் அடியில் வைத்து அடித்தார். ஒரு பொடி விழவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். உளி வழுக்கியது. சுற்றி நின்றவர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பதினாறு, பதினேழு...

"ஏங்க, இவ்வளவு நல்லாவா பூசுவாங்க?"

"நீதானே ஆயுசுக்கும் நிக்கணும்னு சொன்ன!"

"அக்கா," என்றார் கிரேன் ஓட்டுநர், "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வச்சுக்கங்க. எனக்கு இன்னொரு தெரு பாக்கி இருக்கு." இயந்திரம் உறுமியது. சங்கிலி விறைத்தது. பொறியாளர் வானத்தைப் பார்த்தார்.

"ஒரு பத்து நிமிஷம்!" என்று கையை உயர்த்தினார் தலைவி. தாம் இவ்வளவு நேரம் சாய்ந்திருந்த கம்பத்தை அவர் இப்போது ஒருமாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தார். தோளில் ஒரு குறுக்குக் கம்பி. அவசரத்தில் திரைச்சீலையோடு கழற்றி வந்திருந்தார். பூப்போட்ட துணி கொடிபோலப் பறந்தது. "அண்ணா! ஓட்டை! மேல ஓட்டை இருக்குல்ல!"

கொத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டார். கம்பியைத் திருப்பி மாட்ட வசதியாக, அந்தத் திருகு ஓட்டையில் மட்டும் பழைய செய்தித்தாளைத் திணித்து மேலே மெல்லிசாகப் பூசியிருந்தார். மனைவி கேட்டுக்கொண்டபடிதான். அந்த இடத்தில் வலையும் கிடையாது. ஏணியில் ஏறினார். தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினார். தம் பூச்சின் மென்மையான இடம் எங்கே என்று பூசியவருக்குத்தானே தெரியும்? உளியை வைத்து ஒரே அடி.

கசங்கிய செய்தித்தாள் உருண்டை கீழே விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு விரிசல், மேலிருந்து கீழாக, சட்டைப் பொத்தான் கழல்வதுபோல் இறங்கியது. கொத்தனார் வலையின் தையலைப் பிடித்து இழுத்தார். பாதி உடம்பின் உறை அப்படியே மடிந்து விழுந்தது.

கரும்பச்சை. இலைகள். மடிப்புகள். பதினாறு வருடம் வெயில் படாத இரும்பு, அன்றைக்குத்தான் வார்த்தெடுத்ததுபோல் நின்றது!

நம்பரக்கா ஸ்பேனரை வீசினார்.

கணீர்ர்ர்!

தெருக்கோடியில் கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் ஒருவர் விசிலடித்தார். "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். கணீர்! தலைவி ஓடிவந்து, "நான் ஒண்ணு அடிக்கிறேன், குடுங்க!" என்று ஸ்பேனரைப் பிடுங்கினார். அவருக்குப் பின்னால் குழு உறுப்பினர்கள் வரிசை கட்டினார்கள். வரிசையின் கடைசியில் கிரேன் ஓட்டுநர். அவர் தம் முறை வந்ததும் அடித்துக் கேட்டுவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார். "எனக்குக் கான்கிரீட் தூக்கத்தான் ஆர்டர். இரும்பை நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை அடித்துக்கொண்டார்.

குறுக்குக் கம்பி அதன் ஓட்டையில் ஏறியது. பூப்போட்ட திரைச்சீலையோடுதான். அதை அவிழ்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

கொஞ்சம் அடங்கியதும் தலைவி அந்தக் கேள்வியைக் கேட்டார். "அப்ப பதிவேட்டுல கான்கிரீட்னு எழுதினது யாரு?"

நம்பரக்கா கையைத் தூக்கினார். பெயிண்ட் பட்ட கை. கீழே இறக்கவில்லை.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். பெரிய சிந்தனையாளர்களுக்குக்கூட இவ்வளவு வேகமாக யோசனை ஓடியிருக்காது. ஒரு கையைத் தண்டித்தால் ஒன்பது கையெழுத்துகளைத் தண்டிக்க வேண்டும், ஒன்பதாவது அவருடையது.

"அதுல தப்பு ஒண்ணும் இல்லைங்க அம்மா" என்றார். "அது பாதுகாப்பு உறை. எங்க விளக்குப் பிரிவுல முன்கூட்டியே யோசிச்சு, சிமெண்டு உறை போட்டு, பதினாறு வருஷமா இந்தக் கம்பங்களைப் பராமரிச்சுட்டு வர்றோம். வெளிய யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் பதிவேட்டுல அப்படி எழுதினது."

"அடேயப்பா!" என்றார் தலைவி.

"அடேயப்பா!" என்றார் கொத்தனார், வேறொரு குரலில்.

நம்பரக்கா கையை இறக்கினார்.

மறுநாள் செய்தித்தாளில் கம்பத்தின் பக்கத்தில் பொறியாளர் நிற்கும் படம் வந்தது. நம்பரக்காவுக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. அலுவலகக் குறிப்பாணை ஒன்று வந்தது. நினைவுப் பலகையை உரிய வாசகத்துடன் எழுதித் தராத காரணத்தை மூன்று நாட்களுக்குள் விளக்க வேண்டுமாம். 'எழுத வேண்டிய விஷயம் நடக்கவில்லை' என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். கோப்பு மூடப்பட்டது.

மற்ற ஆறு கம்பங்களின் உறையையும் கொத்தனாரே கழற்றினார். ஒவ்வொன்றையும் உடைக்கும்போது, "இந்த வளைவைப் பாரு, எவனுக்கு வரும்?" என்று போகிறவர் வருகிறவரை நிறுத்திக் காட்டினார். ஒரு முழம் பூச்சுத் துண்டு இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில், துண்டுக் கம்பி இருந்த இடத்துக்குக் கீழே, கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. துண்டுகள் காய்வதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. தங்கை வீட்டுத் திரைச்சீலைகள் ஆணியில் தொங்குகின்றன.

அடுத்த திங்கட்கிழமை காலை. நம்பரக்கா ஒரு டப்பா மஞ்சளும் ஒரு டப்பா கறுப்புமாக 3108-க்கு முன்னால் போய் நின்றார். பட்டை அடித்தார். காய்ந்தது. பிரஷ்ஷை நறுக்கினார். மூச்சைப் பிடித்தார்.

மூன்று. ஒன்று. பூஜ்யம். எட்டு.

விலகி நின்று பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வழியவில்லை. எட்டின் இடுப்பு, எழுதிய இடத்தில் அப்படியே நின்றது. பதினாறு வருடம்! நடுத்தெருவில், நகராட்சிக் கோட்டோடு, நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் ஒற்றைக் காலில் குதித்ததை அச்சகத்து ஊழியர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

அவர்களோடு இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்து மெல்ல நடந்துவந்து, புதிய படைப்பை முகர்ந்து பார்த்து, கருத்துச் சொல்வதற்காகப் பின்னங்காலைத் தூக்கினார்.

நம்பரக்கா பிரஷ்ஷை ஓங்கினார். "டேய்! முதல்ல காயட்டும்டா. அப்புறம் வா."